சீஸ் சட்டியின் முன்னால்

இலங்கைப் போரின் கடைசிப் பனிக்காலம் அது. வன்னியில் அகப்பட்டிருந்த என் தங்கச்சியின் குடும்பத்திடமிருந்து பல வாரங்களாக ஒரு செய்தியும் இல்லை. அவளைக் கட்டியிருந்தவர் என் கணவரின் தம்பி. வீட்டில் நாங்கள் இருவரும் பேச்சையே குறைத்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் என் கணவரின் மனேச்சர் ரொறன்ரோ நகருக்குள் ஒரு சுவிஸ் உணவகத்துக்கு எங்களை அழைத்தார். புது வேலை, மறுக்க முடியவில்லை. மேசை நடுவே சின்ன அடுப்பில் ஒரு சட்டி சீஸ் உருகிக் கொதித்தது. நீண்ட முள்ளுக்கரண்டியில் பாண் துண்டைக் குத்தி அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நான் தோய்த்த துண்டு தட்டிலேயே கிடந்தது.

மடியில் போன் அதிர்ந்தது. குளிர்க்கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினேன்.

"அக்கா, நாங்கள் முகாமுக்கு வந்திட்டம்."

"பிள்ளையள்?"

"என்னோட நிக்கினம். அவரைத்தான் காணேல்லை. வரேக்க சனத்துக்குள்ள தவறவிட்டிட்டன்."

தொடர்பு அறுந்தது. உள்ளே வந்தபோது என் கணவர் எழுந்து நின்றார். அவருடைய கரண்டியிலிருந்து சீஸ் மேசைவிரிப்பில் வடிந்தது.

"இருக்கினமோ?"

"ஓம், முகாமுக்கு வந்திட்டினம்."

அவர் அப்படியே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆசையாகச் சாப்பிட்டார், மனேச்சரின் பகிடிகளுக்கு உரக்கச் சிரித்தார். மனேச்சருக்கு முன்னால், தம்பியைக் காணவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விட்பியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரே கேட்டார்.

"தம்பி கதைச்சவனோ?"

சொன்னேன். அவர் காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார்.

தம்பி வேறொரு முகாமில் இருக்கிறான் என்று தெரியவர வெயில்காலம் ஆகிவிட்டது.