நாடாவுக்குக் கீழால் ஒரு பரிசோதனை

1. மாலை போட்ட மெசின்

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த புதிய பி.சி.ஆர். மெசின் சந்தனப் பொட்டும் மாலையுமாக மாப்பிள்ளை போல மேசையில் இருந்தது. இரத்தத்தில் வளர்ந்த கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பழைய முறையில் அறிய இரண்டு மூன்று நாளாகும். கிருமிக்கு அவசரமில்லை, நோயாளிக்குத்தான் அவசரம். இந்த மெசின் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடும். ஆனால் பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டும்வரை எவரும் தொடக்கூடாது என்பது நிர்வாக அலுவலரின் கட்டளை. நாடாவை அவரே மெசினைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

திறப்புவிழா அன்று காலை வார்ட்டில் குருநகர் மீன்பிடித் தொழிலாளி அந்தோனிக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மீன்முள் குத்திய கை, காய்ச்சல். கொடுத்த மருந்து கேட்கவில்லை. அவருடைய இரத்தம் விட்ட போத்தலில் கிருமி வளர்ந்திருந்தது. நுண்ணுயிரியல் டொக்டர் அம்மா போத்தலோடு வந்தார்.

“உதுக்குள்ளை போடும்.”

“டொக்டர், நாடா கட்டியிருக்கு.”

“ஆருக்கு, கிருமிக்கோ? கீழாலை விடும்!”

முழந்தாளில் நின்று, ஒரு கையால் மாலையைத் தூக்கி, மறு கையால் அந்த இரத்தம் விட்ட கார்ட்றிஜைச் செருகினேன். நான் படித்த காலத்தில் இந்தப் பாடம் இருக்கவில்லை.

2. ஒத்திகை

நிர்வாக அலுவலர் மெசினின் பச்சை வெளிச்சத்தைக் கண்டுவிட்டார்.

“ஆர் காணும் உதைப் போட்டது? நல்ல நேரம் இன்னும் வரேல்லையெல்லோ!”

“ஒத்திகை, சேர்.”

முகம் மலர்ந்தது. “அப்பிடிச் சொல்லுமன். நாடா கசங்காமப் பாரும்.”

விருந்தினர் வழமைபோலப் பிந்தி வந்தார். விளக்கேற்றினார். நாடாவை வெட்டினார். அந்தக் கணமே மெசின் ‘பீப்’ என்றது. திரையில் ஸ்டெபிலோகொக்கஸ், வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை.

“பாத்தியளே! வெட்டினவுடனை சொல்லிப்போட்டுது!” என்றார் விருந்தினர். கைதட்டல். டொக்டர் பொன்னாடைக்கு நிற்காமல் வார்ட்டுக்கு ஓடினார். மருந்து மாறியது.

3. புகழ்

மறுநாள் தொடக்கம் வார்ட்டுகளிலிருந்து ஒரே தொலைபேசி. “நாடா வெட்டினவுடனை மறுமொழி வந்ததாமே, நீங்கள் ஏன் ஒரு மணித்தியாலம் மினக்கெடுத்திறியள்?”

அந்தோனி எழும்பி உட்கார்ந்ததும் போய்ப் பார்த்தேன்.

“அண்ணை, நாடா வெட்டின ஐயாவாலைதான் நான் தப்பினனாம். அவருக்கு நல்ல பாரை மீனொண்டு குடுக்கவேணும்.”

“குடும்.”

“அவர் அண்டைக்கு வராமல் விட்டிருந்தா?”

“நாடாவோடையே மறுமொழி வந்திருக்கும்.”

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாயிருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: இரத்தம் கைக்கு வந்தால் உடனே போடுங்கள். பெயரெடுக்க ஆள் பிந்தியாவது வந்துசேர்வார்.