பிரின்சிபல் மிஸ் கழுவிய கால்வாய்

1. சைபருக்குப் பயந்தவர்கள்

விஞ்ஞான பாட ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது என் தலையில் ஒரு புது வேலையைக் கட்டினார்கள். பல நாட்டுப் பாடசாலைகள் சேர்ந்து நடத்தும் சுற்றாடல் விஞ்ஞானத் திட்டம் அது. மாணவர்கள் தங்கள் இடத்து மழையையும் வெப்பநிலையையும் நீரின் தெளிவையும் ஒழுங்காக அளந்து இணையத்தில் ஏற்ற வேண்டும். எந்த நாட்டு விஞ்ஞானியும் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்தலாம். கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு நான் இணைப்பாளர். இப்போது இந்த வேலைக்கு வருகிற இளம் ஆசிரியர்கள் வெள்ளவத்தையில் என் வீட்டைத் தேடி வந்து, "சேர், ஏதும் டிப்ஸ் இருந்தாச் சொல்லுங்கோ" என்கிறார்கள். என்னிடம் டிப்ஸ் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் முகத்துவாரத்தில் ஒரு பாடசாலைக்குப் போனேன். மைதானத்தில் மழைமானி பொருத்தினோம். வெப்பமானிக்கு வெள்ளைப் பெட்டி ஒன்று வைத்தோம். பின்மதிலுக்கு வெளியே ஓடும் ஒடுங்கிய கால்வாயில் தண்ணீர் அள்ளித் தெளிவு பார்க்கப் பழக்கினோம். அதற்கு ஒரு நீண்ட கண்ணாடி போன்ற குழாய் உண்டு. அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வட்டம் இருக்கும். மேலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீரை ஊற்ற வேண்டும். வட்டம் கண்ணுக்கு மறைகிற உயரம்தான் தெளிவின் அளவு. எங்கள் கால்வாய்த் தண்ணீரில் ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே வட்டம் காணாமல் போய்விடும்.

சில கிழமை கழித்துத் தரவைத் திறந்து பார்த்தேன். மழை பெய்த நாட்களில் எண் இருந்தது. மற்ற நாட்கள் எல்லாம் வெறுமை. மழை இல்லையென்றால் சைபர் போட வேண்டும், வெறுமையாக விட்டால் அளக்கவே இல்லை என்று அர்த்தம் என நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பொறுப்பாக இருந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. தகப்பன் கடலுக்குப் போகிறவர்.

"சைபரா போட்டுக்கிட்டே போனா பாக்க ஒரு மாதிரியா இருக்கு சேர். மிஸ் ஏசுறாங்க."

மிஸ் என்றால் அதிபர் திருமதி கமலாம்பிகை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, கொழும்பில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் வருகிறார் என்றால் வகுப்பிலுள்ள மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றும்.

"சைபர் சைபராப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினா எங்கட ஸ்கூலைப் பற்றி என்ன நினைப்பினம் சேர்?" என்றார் அவர்.

"மிஸ், மழை பெய்யாதது ஸ்கூலின்ர பிழை இல்லை."

"அது உங்களுக்கும் எனக்கும் விளங்கும். அவைக்கு விளங்குமோ?"

விளங்கும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளிலிருந்து சைபர்கள் வந்தன, மனமில்லாமல்.

2. வெள்ளவத்தையில் மட்டும் ஏன்?

இதோடு முடியவில்லை. எல்லாப் பாடசாலைகளின் தரவையும் யாரும் பார்க்கலாம் என்று நான் வாயைக் கொடுத்திருந்தேன். ஒரு மாரி நாள் காலையில் கமலாம்பிகை மிஸ் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், நேற்று வெள்ளவத்தை ஸ்கூலுக்கு எங்களைவிட ரெண்டு மடங்கு வந்திருக்கு. என்ன காரணம்?"

"அங்க கூடுதலா மழை பெய்திருக்கு மிஸ்."

"எங்கட பிள்ளையளும் கெட்டிக்காரப் பிள்ளையள்தான். இன்னும் கொஞ்சம் கவனமா அளக்கச் சொல்லுறன்."

அளவை எல்லாம் மார்க்ஸ் என்று நினைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. நான் சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்தக் கிழமையே, கொழும்பு முழுக்க வெயில் கொளுத்திய ஒரு நாளில், முகத்துவாரத்துப் பாடசாலை மைதானத்தில் மட்டும் நல்ல மழை பெய்திருந்தது. போய் விசாரித்தேன். ஆறாம் வகுப்புக் கூட்டமொன்று, பாடசாலைக்கு உதவி செய்கிற எண்ணத்தில், தண்ணீர்ப் போத்தலை மழைமானிக்குள் கவிழ்த்திருக்கிறது.

அந்த எண்ணை அழித்தவள் ஜெசிந்தா. அன்றிலிருந்து இடைவேளையில் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றுதான் சாப்பிட்டாள். கால்வாயையும் அவளே பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில் தண்ணீர் அள்ளினாள். ஊத்தைத் தண்ணீர்தான், ஆனால் ஊத்தையிலும் ஏற்ற இறக்கம் இருந்தது. பெருமழைக்குப் பிறகு எப்படி, மீன் சந்தை கூடுகிற நாளில் எப்படி, கடல் தண்ணீர் ஏறி வரும்போது எப்படி என்று அவள் எழுதிய அறிக்கையை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதைத் திட்டக்காரருக்கு அனுப்பினேன். பாங்கொக்கில் நடக்கிற மாணவர் மாநாட்டுக்கு அவளை எடுக்கலாம், ஆனால் ஓர் அதிகாரி நேரில் வந்து அளவீட்டைப் பார்ப்பார் என்று பதில் வந்தது. பயணச் செலவு அவர்களுடையது. அதிபர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தால் போதும்.

ஜெசிந்தா பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். "சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க சேர். சிரிக்காம இருக்க ஏலல்ல" என்றாள்.

3. விருந்தாளி வருகிறார்

வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்றால் எங்கள் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குருத்தோலைத் தோரணம், நிறைகுடம், பேண்ட் வாத்தியம், கன்னத்தில் பவுடர். இவற்றை நான் எதிர்பார்த்தேன். பின்பக்கம் போனபோதுதான் நான் எதிர்பாராததைக் கண்டேன்.

வெப்பமானியின் வெள்ளைப் பெட்டி பாடசாலைக் கொடியின் நிறத்தில், நீலமும் மஞ்சளுமாகப் பளபளத்தது. அது போகட்டும். கால்வாயைக் காணவில்லை. அதாவது, நான் அறிந்த கால்வாயைக் காணவில்லை. முந்திய நாள் பெற்றார்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சிரமதானம் வைத்திருக்கிறார்கள். மதிலுக்குப் பின்னாலுள்ள துண்டை இரண்டு பக்கமும் மணல் மூட்டை போட்டு மறித்து, சேற்றை வாரி, இறைத்துவிட்டு, பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். நான் போனபோதும் ஒரு பவுசர் நின்றது. கமலாம்பிகை மிஸ் பட்டுச் சேலையோடு கரையில் நின்று, "மல்லி, தவ டிக்கக்" என்று சிங்களத்தில் சாரதியை இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரில் தாமரைப் பூக்கள் மிதந்தன. வேரில்லாத தாமரை.

மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மிஸ், இந்த ஊத்தைத் தண்ணியைத்தான் அந்தப் பிள்ளை ஒரு வருஷமா அளந்தவ. அதைப் பார்க்கத்தான் அந்த அதிகாரி வாறா."

"அதுக்காக அந்த நாத்தத்திலையே கொண்டுபோய் நிப்பாட்டிறதே? உங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்தா நீங்கள் கூட்டாமல் விடுறனீங்களோ?"

அதற்குள் பேண்ட் முழங்கத் தொடங்கிவிட்டது.

வந்த அதிகாரி அமைதியான ஒரு பெண்மணி. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கையில் இளநீரோடு கால்வாய்க் கரைக்கு வந்தார். ஜெசிந்தா தண்ணீர் அள்ளிக் குழாயில் ஊற்றினாள். ஒரு சாண் போனது. வட்டம் தெரிந்தது. பாதி நிரம்பியது. தெரிந்தது. வாய்மட்டும் நிரம்பிய பிறகும் அடியில் வட்டம் பளிச்சென்று கிடந்தது. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். மிஸ்ஸின் முகத்தில் பரிசளிப்பு விழாக் களை.

ஜெசிந்தா என் பக்கம் குனிந்து, "சேர், வழமையா வர்றத எழுதட்டா?" என்று கேட்டாள்.

அவள் நிலைமை எனக்கு விளங்கியது. பழைய அளவை எழுதினால் அது பொய். இன்றைய அளவை மட்டும் எழுதினால், காரணமில்லாமல் எகிறிய எண்ணைப் பார்த்துத் திட்டக்காரர் முழு வருடத் தரவையும் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுவார்கள். காரணத்தையும் எழுதினால், கையெழுத்து வைக்கிறவர் பக்கத்தில் பட்டுச் சேலையோடு நிற்கிறார்.

"இண்டைக்குக் கண்டதை எழுது பிள்ளை" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை.

அவள் போனில் எண்ணைப் பதிந்தாள். கீழே 'குறிப்புகள்' என்று ஒரு பெட்டி உண்டு. எங்கள் பாடசாலைகளில் அதில் யாரும் எதையும் எழுதியதே கிடையாது. அவள் மிஸ்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அதிகாரி அவளுடைய தோளுக்கு மேலால் எட்டி அதைச் சத்தமாகவே வாசித்தார்: விருந்தாளி வருவதால் நேற்றுக் கால்வாய் கழுவப்பட்டது. இந்தத் தண்ணீர் பவுசரில் வந்தது.

மிஸ் திரும்பி அலுவலகத்துக்குள் போனார். அதிகாரி பட்டிஸ் சாப்பிட்டார், நன்றி சொன்னார். போகும்போது ஜெசிந்தாவிடம், மணல் மூட்டையை எடுத்த பிறகு ஒவ்வொரு நாளும் அளந்து பார் என்றார்.

4. கையெழுத்து

விண்ணப்பம் மிஸ்ஸின் மேசையில் கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தேத்தண்ணீர் வந்தது, கையெழுத்து வரவில்லை. ஜெசிந்தா பாடசாலை விட்டதும் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்மதிலுக்குப் போய்விடுவாள்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்திய நாள் மிஸ்ஸே கூப்பிட்டார்.

"சேர், அந்தத் தண்ணி எத்தினை நாளிலை பழையபடி ஆனது?"

"ஒரு கிழமையும் நிக்கேல்லை மிஸ்."

"அவ்வளவு சனம் நிண்டு வாரினது. ஒரு கிழமை நிக்கேல்லையோ?" அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, அந்த ஊத்தை எங்கே இருந்துதான் வருகிறது என்று கேட்டார். அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மிஸ் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரமாக நெடுந்தூரம் நடந்ததை அன்றுதான் கண்டேன். திரும்பி வந்து பேனையை எடுத்தார்.

"போறதெண்டா இந்தக் கால்வாயைப் பற்றி ஒழுங்காச் சொல்ல வேணும். நானும் வாறன்" என்றார்.

பாங்கொக்குக்கு இணைப்பாளராக நானும் போனேன். அங்கே ஜெசிந்தாவின் வரைபடம் சுவரில் தொங்கியது. ஒரு வருடமாகத் தரையோடு ஊர்ந்த கோடு, ஓரிடத்தில் தென்னைமரம் போல் எழுந்து, ஒரு கிழமைக்குள் மறுபடி விழுந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் நின்றார்கள். நடுவர் ஒருவரும் அங்கேயே விரலை வைத்தார். இந்த நாளில் என்ன நடந்தது?

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

கமலாம்பிகை மிஸ் முன்னால் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்து, அந்த உச்சிப் புள்ளியை விரலால் தொட்டு, நல்ல உரத்த ஆங்கிலத்தில், "அது நான்தான்" என்றார். பவுசர், மணல் மூட்டை, தாமரைப் பூ என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். சுற்றி நின்ற வேற்று நாட்டு ஆசிரியர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர், விருந்தாளி வந்தால் நாங்கள் மரத்துக்குக்கூடப் பெயின்ட் அடிப்போம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதலாம் பரிசு வேறொரு நாட்டுக்குப் போனது. என்னிடம் வருகிற இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழாயில் தண்ணீர் ஊற்ற யாரும் பழக்கலாம். குறிப்புகள் பெட்டியை நிரப்பும் பிள்ளைக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு முதலில் பழக வேண்டியவர்கள் நாங்கள்.

அன்று விடுதிக்குத் திரும்பும்போது ஜெசிந்தா மெதுவாக, "மிஸ்ஸுக்கு இப்ப எங்கூடக் கோவம் இல்லதானே?" என்று கேட்டாள்.

"கோவம் இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்றார் மிஸ். "ஆனா நீ எழுதினது சரி."