மொட்டு என்று நினைத்தது

பிள்ளைகளே, பக்கத்து வீட்டில் கொடுத்த செம்பருத்திச் செடியை இரண்டு நாளாக ஏன் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். செம்பருத்தி இலையைத் தொட்டாலே என் விரலில் ஒரு பழைய பிசுபிசுப்பு ஏறிக்கொள்கிறது.

அறுபதுகளில், பம்பாய் தாராவியில், எண்ணெய் டின்னில் மண் போட்டு அம்மா ஒரு செம்பருத்தி வைத்திருந்தாள். விடியுமுன்னே குழாயடியில் நின்று, பிறகு அடுப்போடு அடுப்பாக நாளைக் கழிக்கிறவளுக்கு அந்தச் செடியருகே மட்டும்தான் முகம் தெளியும். ஒரு கோடையில் அதன் நுனிகள் சுருண்டு, குண்டு குண்டாகத் திரண்டன. அத்தனையும் "மொட்டு" என்றாள். மேலே படிந்த வெள்ளை, வாசல் கோலத்து அரிசிமாவு பறந்து ஒட்டியது என்றாள்; எறும்பு ஏறுவதும் அந்த மாவுக்குத்தான் என்றாள்.

நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு போர்த்திய பூச்சிகள் ஊர்ந்தன. நசுக்கினால் ரோஸ் நிறமாக ஒட்டியது.

"தொடாதல, உதுந்துரும். சாந்தாபாய்க்குக் கம்பு ஒடிச்சுக் குடுக்கணும்" என்றாள் அம்மா.

விரலை டிரவுசரில் துடைத்துக்கொண்டு, பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விளையாடப் போய்விட்டேன்.

சாந்தாபாய் அடுத்த வீட்டு மராத்திக்காரர். எங்களுக்குத் தண்ணீர் கிடைக்காத நாளில் தன் குடத்தில் பாதியை ஊற்றுவார். பதிலுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. அவர் வீட்டுச் செம்பருத்தி தினமும் அவருடைய கணபதிக்கு ஒரு பூ கொடுத்துவந்தது. இத்தனை மொட்டு வைக்கிற செடி என்று அம்மா கொடுத்த கம்பைத் தன் செடி இருந்த டின்னிலேயே ஊன்றினார். மழை தொடங்குவதற்குள் அந்தச் செடியும் முடிச்சு விழுந்து மொட்டையாகி, பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. கணபதி பண்டிகைக்குப் பூ இல்லை.

அம்மா போய் நின்றபோது, "ஜானே தோ அக்கா, போகட்டும், பூ தாதர் மார்க்கெட்ல இருக்கு" என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழைக் கலந்து சொன்னார். மறுநாளும் தண்ணீர் ஊற்றினார். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. தன் செடியையும் வேரோடு பிடுங்கிவிட்டு, "நாந்தானல மொட்டுன்னு சொன்னேன்" என்றாள். எனக்குத் தெரியும் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அது செதில் பூச்சிக்கு உறவான மாவுப்பூச்சி என்றும், செம்பருத்தி, கொய்யா என்று பல செடிகளில் சாற்றைக் குடித்து நுனியை முடிச்சாக்கி அதற்குள்ளேயே குடியிருக்கும் என்றும் வெகுகாலம் கழித்து ஒரு நாற்றுக்கடைக்காரர் சொன்னார். இன்று அந்த வீட்டு வரிசையும் இல்லை, குழாயடியும் இல்லை. சாந்தாபாய் கல்யாண் பக்கம் போனதாகக் கேள்வி.

நீங்கள் பள்ளிக்குப் போனபின் செடியை இலையிலையாகத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் ஒன்று குண்டாக இருந்தது. நகத்தால் பிரித்தேன். உள்ளே சிவப்பு இதழ்கள், இன்னும் விரியாமல். அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, செடியை உள்ளே தூக்கி வந்தேன்.