அக்கா எண்ணிய முட்டைகள்

எங்கள் அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையைத் தங்கையாகிய நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். பரமக்குடியில் ஒரு மருத்துவமனையில் பல வருடங்களாகச் செவிலியர் வேலை பார்ப்பவள் நான். எத்தனையோ சாவுகளைப் பார்த்திருக்கிறேன். அக்காவின் சாவை மட்டும் இன்றுவரை நம்ப முடியவில்லை.

அபிராமத்துக்குப் பக்கத்தில் மிளகாய் விவசாயம் பார்த்த எங்கள் அய்யாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, "சின்னவ படிக்கட்டும்யா" என்று சொல்லிவிட்டுத் தான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுகொண்டார். நான் செவிலியர் ஆனது அப்படித்தான். பிறகு வேன் ஓட்டும் அத்தானைக் கைப்பிடித்து அக்காள்மடம் என்ற கடலோர ஊருக்கு வந்து, அங்கே அங்கன்வாடிப் பணியாளரானார். பிள்ளைகளுக்கு அவர் 'டீச்சர்'.

எழுத்து விஷயத்தில் அக்கா பிடிவாதக்காரர். சேர்ந்த உடனே சிலேட்டைக் கொடுக்க மாட்டார். களிமண் உருட்டுவது, சிப்பி பொறுக்குவது, மணலில் கோடு இழுப்பது என்றே மாதக்கணக்கில் போகும். "என்ன டீச்சர், எம்புள்ள இன்னும் 'அ' கூட எழுதல" என்று சண்டைக்கு வரும் தாய்மாரிடம், "வெரல் பழகட்டும்மா, எழுத்து எங்கன போயிறப் போகுது" என்பார். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் நாலு சிப்பி எடுத்து வரச் சொல்வார். அது கை நிறைய அள்ளி வரும். "இது பாட்டுப் படிக்குது, இன்னும் எண்ணல" என்று சிரிப்பார்.

எண்ணச் சொல்லிக்கொடுக்க அவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். வேண்டுமென்றே தப்பாக எண்ணுவார். "ஒன்னு, ரெண்டு, அஞ்சு" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்பார். "தப்பு டீச்சர், தப்பு!" என்று மொத்தக் கூட்டமும் கூரையைப் பிய்க்கும். டீச்சரையே திருத்துகிற சந்தோஷத்துக்காகவே பிள்ளைகள் ஒழுங்காக எண்ணப் பழகின.

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்க்க அவருடைய அங்கன்வாடி மையத்துக்குப் போயிருந்தேன். பத்து நாளாகத் தலைவலி என்றார். அதற்கு முன்பு சாமான் அறையின் தாழ்வான வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டதை வேடிக்கையாகச் சொன்னார். கைப்பையில் இருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

மதியம் பிள்ளைகளுக்கு அவித்த முட்டைகளை எண்ணினார். "ஒன்னு, ரெண்டு, மூணு, ஆறு, மூணு..." பிள்ளைகள் கத்திச் சிரித்தன. சமையல் பார்க்கும் அம்மா சிரித்தார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "நல்லா நடிக்கிறக்கா" என்றேன். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஏன்டி, இதுல எத்தன இருக்குன்னு நீ சொல்லு" என்றார். அதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். "ஒம்போது டீச்சர்!" என்று பிள்ளைமாதிரி கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா மையத்திலேயே விழுந்தார். மண்டைக்குள் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது என்றார் மருத்துவர். "ரெண்டு மூணு நாள் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே, குழப்பம் ஏதும் தெரியலையா?" என்று கேட்டார். செவிலியர் உடுப்போடு ஓடி வந்து நின்றிருந்த என்னைப் பார்த்துத்தான் கேட்டார். புதன்கிழமை அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வந்திருந்தார்கள். மலர் என்ற நாலு வயதுப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர் வெளாட்டுக்குத் தப்பாச் சொன்னா மூக்கத் தொடுவாக. அன்னைக்கு முட்ட எண்ணுறப்ப தொடல."

நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"யார்ட்டயும் சொன்னியாம்மா?"

"அம்மாட்ட சொன்னேன். டீச்சருக்கு எண்ண வரலன்னு. அம்மா சிரிச்சுச்சு."

அவளுடைய அம்மாவை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. படித்த நானே சிரித்தவள்தானே.

விழுந்தவரைத் தூக்கித் தன் ஆட்டோவில் கொண்டுபோன பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், மூன்று நாளும் அத்தானுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும், இறுதிக் காரியங்களில் உடன் நின்ற சொந்தபந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். என் அக்கா சொல்லிக்கொடுத்ததை அன்றைக்குச் சரியாகக் கவனித்த மலருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

போன வாரம் இந்த நினைவு மலரின் அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினேன். பிள்ளைகள் நடுவே அக்கா மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிற படம். வேறு நல்ல படம் போடலாமே என்று அத்தான் சொல்லியும் நான் மாற்றவில்லை. மலர் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர நிமிர்ந்து கேட்டாள்:

"மூக்கத் தொடுறாகளே. அப்ப டீச்சர் செத்தது வெளாட்டுக்குத்தான?"