பங்களாவில் விளக்கை அணைத்தது யார்?

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பேய் மாடிப்படி இறங்கி வந்தது.

பதற வேண்டாம். லேப்டாப்பில்தான். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

ஆனால் அந்தப் பேயை இறக்குவதற்குள் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பட்ட பாடு இருக்கிறதே... அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடமே கேட்டுவிட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைய மோசமாட்டு எழுதப்பிடாது" என்றாள். முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அவ்வளவு தைரியம் ஏது?

கதை என் காலிலிருந்து தொடங்குகிறது. மழைக்குப் பின்வாசல் படி பாசி பிடித்துக் கிடந்தது. வழுக்கினேன். எங்கள் ஊரான கருங்கல்லிலிருந்து மார்த்தாண்டம் போய் எக்ஸ்ரே எடுத்தோம். கணுக்காலில் கீறல். ஆறு வாரம் கட்டு. நான் ஒரு நாற்காலியில், கால் இன்னொரு நாற்காலியில்.

செய்தி கேட்டதும் மகள் அனிலா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள்.

"அப்பா, நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போ நாம ரெண்டுபேரும் வெளையாடுவோமே... அந்தப் பங்களா கேம். இப்ப புது கம்ப்யூட்டர்லயும் ஓடுத மாதிரி விக்கியாங்க. வாங்கி அனுப்பட்டா?"

அனுப்பினாள். ஞாபகம் இருக்கிறது... அந்தக் கால டப்பா மானிட்டரில், பேய் வருவதற்கு முன்பே நான் குறட்டை விட ஆரம்பித்துவிடுவேன். முடித்தது அவள்தான். முடிவு என்ன என்று நான் கேட்டதே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மற்றது புரியாது.

ஸ்டெல்லாவும் அனிலாவும் பேசி இரண்டரை வருடம் ஆகிறது. அனிலா தன்னோடு வேலை பார்த்த சரவணனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஈரோட்டுப் பக்கத்துப் பையன். வேறு ஊர், வேறு சாதி, சர்ச்சும் கிடையாது. ஸ்டெல்லா கத்தவில்லை, அழவில்லை, சாபம் விடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். மகளிடமிருந்து போன் வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நான் பேசி முடித்த பிறகு வந்து, சுவரைப் பார்த்தபடி, "காய்ச்சல் மாறிச்சாமா?" என்று கேட்பாள். அவள் இதுவரை பையனை நேரில் பார்த்ததில்லை. 'அந்தப் பையன்' என்பதோடு சரி.

நான் யார் பக்கம் என்று கேட்கிறீர்களா? இரண்டு பக்கமும்தான். அதாவது, இரண்டு பக்கத்துக்கும் உதவாதவன்.

சரி, கேமுக்கு வருவோம். இந்த வகையில் ஓட வேண்டாம், சுட வேண்டாம். மவுஸை நகர்த்த வேண்டும். எதன்மேல் போகும்போது அம்புக்குறி கையாக மாறுகிறதோ, அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் ஒரு பாழடைந்த பங்களா. அதில் என்றோ காணாமல் போன ஒரு சின்னப் பெண். நாம் துப்பறிய வந்தவர். ரொம்பப் பழைய கேம் என்பதால் ஆட்களின் முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். ஆனால் கதவு திறக்கும்போது வரும் சத்தம் இருக்கிறதே... பட்டப்பகலிலும் எனக்கு முதுகு சில்லிட்டது.

முதல் இரண்டு நாள் தனியாகத்தான் விளையாடினேன். மூன்றாம் நாள் சாயா கொண்டு வந்த ஸ்டெல்லா பின்னால் நின்று பார்த்தாள்.

"ஆருக்க வீடு அது?"

"யாரும் இல்லாத வீடு."

"ஆளில்லாத வீட்டுல மேசையைத் தொறந்து சாவியை எடுக்குதியளே... களவாணித்தனம்லா?"

"கேம்ல அப்படித்தான். கிடைப்பதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்."

"வேலை முடிஞ்சா எடுத்த எடத்துல வைக்கணும், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள், "நீங்க கண்டமேனிக்கு அமுக்குதிய, இங்க தாங்க" என்று மவுஸை வாங்கிக்கொண்டாள். ஸ்டெல்லா பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பழைய டைரி ஒன்றை எடுத்து எந்த அறைக்கு எத்தனை கதவு, எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று அட்டவணை போட்டுவிட்டாள். அதன்பிறகு என் வேலை சாயா குடிப்பது மட்டும்தான்.

ஒரு வாரத்தில் எங்கேயோ போய்விட்டோம். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினோம். பியானோவை வாசித்தோம். நிலவறையைத் திறந்தோம். தண்ணீரில் விழுந்து இறந்துபோன அந்தப் பெண்ணின் ஆவி மாடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். அழுகைச் சத்தம் கேட்கிறது. கீழே வந்து முன்வாசல் வழியாக வெளியேறினால் அதற்கு விடுதலை. கேமும் முடிந்துவிடும்.

வரவில்லை.

பத்து நாள்! அந்தப் பெண் மாடியில் அழுதுகொண்டே இருக்கிறது. நாங்கள் கீழே அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டே இருக்கிறோம். எதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. "இன்டர்நெட்டில் விடை இருக்கும், பார்த்துவிடலாமா?" என்றேன்.

"விடைப்பக்கத்தைப் பாத்துக் கணக்கு போடப்பிடாது" என்றாள் டீச்சர்.

"அப்போ விட்டுவிடலாம்."

"அதெப்படி விடது? பிள்ளை அங்க ஒத்தைக்கு இருந்து அழுதிட்டுல்லா இருக்கு?"

சொன்னவள் சட்டென்று எழுந்து துணி எடுக்கப் போய்விட்டாள். கொடியில் துணியே இல்லை. காலையிலிருந்து மழை.

மாடியில் அழும் கட்டம் போட்ட முகத்துக்காக இவ்வளவு உருகுகிறவள், கோயம்புத்தூரில் இருக்கும் பெற்ற பிள்ளைக்காக எவ்வளவு உருகிக்கொண்டிருப்பாள்? இந்தக் கேள்வி இரண்டரை வருடமாக எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்றைக்குத்தான் மெதுவாக ஒரு கல்லை விட்டெறிந்தேன். "இதை முழுசா முடித்த ஆள் ஒருத்தி இருக்கிறாள்..."

அன்றும் மறுநாளும் அவள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். நாற்காலியை இழுத்தாள். திரையைப் பார்த்தபடியே, "போனைப் போடுங்க" என்றாள்.

போட்டேன். ஸ்பீக்கரிலும் போட்டேன்.

"அனிலா... அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது."

"எத்தனை நாளாப்பா?"

"பத்து நாள்..." என்று நான் தொடங்க, "பன்னெண்டு நாளுண்ணு சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா என்னிடம். போன் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

அனிலாவின் குரல் தணிந்தது. "அம்மா பக்கத்துலயா இருக்காங்க? நிலவறை தொறந்தாச்சாண்ணு அம்மாகிட்ட கேளுங்கப்பா."

"தொறந்தாச்சுண்ணு சொல்லுங்க."

"டைரி கெடச்சுதாண்ணு கேளுங்க."

"ரெண்டு மட்டம் வாசிச்சாச்சுண்ணு சொல்லுங்க."

நான் வாயே திறக்கவில்லை. எல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, ஹால்ல வெளக்கு எரியுதாண்ணு பாருங்க."

"இல்லை."

"சாப்பாட்டு ரூம்ல?"

"இல்லை."

"அதெப்படி? நீங்க போய்ப் பாத்த ரூம்ல எல்லாம் லைட் எரியணுமே! கேம் தானா அணைக்காதே... யாரு அணைச்சா?"

ஸ்டெல்லா பொறுக்கவில்லை. "ஆளில்லாத ரூம்ல எதுக்குட்டி லைட்டு?"

இரண்டரை வருடம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் மகளோடு பேச்சில்லை என்பது அவளுக்கு நினைவு வந்துவிடுமோ என்று பயம்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வருவோம். குழந்தையிலிருந்தே கை அப்படிப் பழகியாயிற்று. அதே கை பங்களாவிலும் அதைத்தான் செய்திருக்கிறது. ஸ்டெல்லா ஒவ்வோர் அறையாகத் துப்பறிந்தாள்... விளக்கை அணைத்தாள்... கதவை அடைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை! இத்தனைக்கும் டைரியின் முதல் பக்கத்திலேயே அந்தப் பெண் எழுதி வைத்திருக்கிறது, தனக்கு இருட்டு என்றால் பயம் என்று. இருவரும் உச்சுக் கொட்டி வாசித்தோம். வாசித்து முடித்ததும் அந்த அறையின் விளக்கையும் அணைத்துவிட்டு வந்தோம்.

அனிலா சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் மாறிவிட்டது.

"எல்லாத்தையும் அணைச்சு, எல்லாக் கதவையும் அடைச்சுப் போட்டா அந்தப் பிள்ளை எப்படிம்மா வீட்டுக்குள்ள எறங்கி வரும்?"

மழை மட்டும் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு மவுஸைப் பிடித்தாள். ஹால். சாப்பாட்டு அறை. நூலகம். படிக்கட்டு. ஒவ்வொன்றாகப் போய் விளக்கைப் போட்டாள்.

"முன்வாசலையும் தொறக்கணும்மா" என்றாள் அனிலா. "அப்புறம்... கூட ஒருத்தன் வருவான். அவனையும் உள்ள விடணும்."

"இது கேம்ல உள்ளதா, நீயாட்டு சொல்லுதியா?"

"நீங்க தொறங்கம்மா."

திறந்தாள். மாடியில் அழுகை நின்றது. வெள்ளை கவுன் போட்ட அந்தப் பெண் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. ஹாலில் நின்று எங்களைப் பார்த்தது. கட்டம் கட்டமான முகம்தான், ஆனாலும் சிரித்த மாதிரி இருந்தது. வாசல் வழியாக வெளியே போனது. பெயர்கள் ஓடத் தொடங்கின.

ஸ்டெல்லா கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்தாள்.

"ஏட்டி, கூட ஒருத்தன் வருவாண்ணு சொன்னியே? ஆரையும் காணல்லியே?"

"கூப்பிடாம எப்படிம்மா அவரு வருவாரு?"

ஸ்டெல்லா எழுந்தாள். அடுக்களைக்குப் போனாள். வழக்கம்போல. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். "அம்மா போயாச்சாப்பா?" என்றாள் அனிலா. உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது.

நம்மில் சண்டை போட்டுப் பிரிந்தவர்களைவிடச் சத்தம் போடாமல் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வார்த்தையை யார் பேசுவது என்பதிலேயே வருடங்கள் போய்விடுகின்றன. மன்னிப்பு, கின்னிப்பு என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. ஒரு சந்தேகம் கேட்டால் போதும். நான் இரண்டரை வருடமாக ஸ்டெல்லாவுக்கு உபதேசம் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கஷ்டமான புதிரை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

ஸ்டெல்லா முகம் கழுவிவிட்டு வந்தாள். ஈரக் கையோடு போன் பக்கம் குனிந்தாள்.

"அந்தப் பையன் மீனு திம்பானா?"

அனிலா அழுதுவிட்டாள். நானும்தான். பதில் சொல்லும் நிலையில் இருவருமே இல்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று ஸ்டெல்லா எடுத்துக்கொண்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறார்கள். மீன்காரரிடம் விளமீனுக்குச் சொல்லியாயிற்று. தேங்காய் அரைத்துக் குழம்பு, பொரிப்பதற்குத் தனியாக, அவியலிலும் கொஞ்சம் நெத்திலி என்று பெரிய திட்டம் நடக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? நல்லவேளை, இந்தப் பத்தியை வாராவாரம் முதலில் வாசிப்பது அவள்தான்.

ஸ்டெல்லா... மாப்பிள்ளை சுத்த சைவம்.