ஊத் கச்சேரியில் எங்கள் பள்ளி ஆர்மோனியம்

எழுபதுகளின் கடைசியில் நான் மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் அதே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஒரு சனிக்கிழமை காலை அவர் வேகவேகமாக வீட்டுக்குள் வந்தார்.

"துரை நம்ம ஸ்கூல் ஆர்மோனியத்தக் கேக்குறாரு. பங்களா பியானோ ஈரத்துல ஊறிப் போயி பாதிக் கட்டை எழும்பவே மாட்டேங்குதாம். நாலு மணிக்குக் கச்சேரிலா."

"யாரு கச்சேரிங்க?"

"அரபுக்காரர் ஒருத்தரு, ரெண்டு வெள்ளைக்காரங்க. ஜாஸாம்."

நான் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பெட்டி அது. அதில் ஜாஸா! "நானும் வந்தாத்தான் பெட்டி வரும்னு சொல்லுங்க" என்றேன். அவர் முறைத்தார். ஆனாலும் போய்ச் சொல்லிவிட்டார்.

பங்களாக் கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அரபுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஊத் என்ற தன் தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பாதியாகப் பிளந்த பூசணி போன்ற வயிறு, பின்னால் மடங்கிய தலை. வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் எதுவும் இல்லை. குளிரில் தந்திகள் அடிக்கடி இறங்கிவிட, அவர் பொறுமையாக மறுபடி மறுபடி முறுக்கினார்.

வெள்ளைக்காரர்களில் ஒருவரான பியானோக்காரர் ஆர்மோனியத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். சத்தம் வரவில்லை. பின்பக்கம் துருத்தி இருப்பதைக் காட்டினேன். ஒரு கை அதற்குப் போய்விட்டால் தன் வாசிப்புக்கு ஒரு கைதானே மிஞ்சும் என்று அவர் திகைத்தார். "துருத்தியை நான் போடுகிறேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அப்படித்தான் பார்க்கப் போன நான் கச்சேரியில் ஒருத்தியாகிவிட்டேன்.

ஒத்திகையில் ஒரு கட்டையை அழுத்தியதும் அவர் முகம் சுளித்தார். அந்தக் காந்தாரத்தின் பித்தளைத் தகடு களிம்பேறிச் சுருதி இறங்கிப் போயிருந்தது. பெரிய காந்தாரமும் இல்லை, சிறியதும் இல்லை. பிள்ளைகளை அந்த இடத்தில் என் குரலைக் கேட்டுப் பாடச் சொல்வேன். வெட்கத்தோடு அதை விளக்கிக்கொண்டிருந்தபோது அரபுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு முறை" என்றார்.

நான் துருத்தி போட, அந்தக் கட்டை மறுபடி ஒலித்தது. அவர் ஊத்தில் விரலை மெல்ல நகர்த்தி அதே சுரத்தை மீட்டினார். இரண்டும் ஒட்டிக்கொண்டன. பியானோக்காரர் சிரித்தேவிட்டார். "இத்தனை ஊரில் வாசித்தோம். இந்தச் சுரம் வரும்போதெல்லாம் நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். பியானோவில் இது கிடையாது!"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் பழுது என்று நினைத்தது அரபுக்காரர் ஊரில் ஒரு சுரமா? அதற்குப் பெயர் உண்டா என்று கேட்டேன். உண்டு என்று அவர் சொல்லியும் காட்டினார். மூன்று தரம் கேட்டும் என் நாக்குக்கு அது வரவில்லை.

நாலு மணிக்கு இருபது பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஊத் தனியாக, ஆலாபனை போலத் தொடங்கியது. இது என்ன ராகம் என்று நான் பிடிக்கப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிவிடும். பிறகு இன்னொரு வெள்ளைக்காரரின் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் தாளத்தோடு நடந்து வந்தது. பியானோக்காரர் எப்போது நிறுத்துவார், எப்போது பாய்வார் என்று சொல்லவே முடியாது. ஒருமுறை அவர் கையை எடுத்த பிறகும் நான் மட்டும் துருத்தி போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் தோளைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். தோள் இறங்கினால் காற்று நிறைய வேண்டும். அந்தக் காந்தாரத்துக்கு வரும்போது மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு அதிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். முன்வரிசையில் இருந்த மலாய் அதிகாரி ஒருவர் முடிந்ததும் எழுந்து போய், "எங்கள் கம்புஸ் வாத்தியத்துக்கு அண்ணன் இது" என்று ஊத்தைத் தொட்டுப் பார்த்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்தோம். பெட்டி கணவரின் தோளில். எனக்கு வலது கை தூக்க முடியாத வலி.

"அப்புடி என்னதான் இருந்துச்சு அந்தச் சுரத்துல?" என்று கேட்டார்.

பாடிக் காட்டினேன். குரல் பெரிய காந்தாரத்தில் போய் விழுந்தது. மறுபடி முயன்றேன், சிறியதில் விழுந்தது.

"ரெண்டும் நீ தெனம் பாடுறதுதானே?"

"இது ரெண்டுக்கும் நடுவுல இருக்குங்க. இருங்க, வரும்."

அவர் தேயிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"சரி, பாடு. கேக்குறேன்."