ஒரு விண்ணப்பம், இரண்டு நாற்காலி

எங்கள் தொழிலுக்கு முதலீடு ஒரே ஒரு கேள்விதான்: "நீ ஏன் வக்கீலாக வேண்டும்?" அதை வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் என் பிழைப்பு நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். இப்போது சில சட்டப் பல்கலைக்கழகங்கள் மார்க்கோடு விடுவதில்லை. உன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுது, உன்னைத் தெரிந்தவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கு, நேர்காணலுக்கு வா என்று பிள்ளைகளைப் படுத்துகின்றன. படுகிற பிள்ளைகள் என் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்காருகிறார்கள். நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. கேட்பேன், அடிப்பேன், மறுபடியும் கேட்பேன். அடிப்பது கட்டுரையைத்தான்.

வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களே, உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும். என் அவஸ்தையையும் கொஞ்சம் கேளுங்கள். அவஸ்தை என்று சொன்னாலும் பாதி ருசிதான். அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசை எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. அக்கம்பக்கத்தில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். நான் அதற்கு ஃபீஸ் வாங்குகிறேன்.

கூட வந்தவர்

சாந்தோமிலிருந்து ஷெரின் வந்தாள். கூடவே அவள் அம்மா பிலோமினாவும் வந்தார். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவர், தபால் வழியில் பி.ஏ. முடித்தவர், வந்த வேகத்திலேயே இரண்டையும் சொல்லிவிட்டார். ஷெரின் போன வருஷமே நேர்காணல் வரைக்கும் போனவள். அங்கே வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்து சீட்டைக் கோட்டை விட்டுவிட்டு, ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை என்றால் பி.காம்.தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கான விண்ணப்பம் ஏற்கெனவே டிவிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறதாம்.

நான் ஷெரினைப் பார்த்துத்தான் என் கேள்வியைக் கேட்டேன். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. நல்ல பதில்தான், குறை சொல்ல முடியாது. பொழுதுபோக்கு என்ன என்றேன். "பேப்பர் படிப்பா மிஸ், கோர்ட் நியூஸ்னா ஒண்ணு விடமாட்டா." டம்ளரை நகர்த்தி வைத்து, காபி சாப்பிடுகிறாயா என்றேன். "அவ காபி குடிக்க மாட்டா மிஸ்." அதற்குள் டம்ளரை நோக்கிப் பாதி தூரம் போயிருந்த ஷெரினின் கை பேசாமல் மடிக்குத் திரும்பிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. உங்கள் பெண்ணுக்குப் பேச வருமா இல்லையா என்று கேட்டே விட்டேன். பிலோமினா கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை.

"சூப்பரா பேசுவா மிஸ், நான் பேசி முடிச்சதும்."

சமுதாயத்துக்குத் தொண்டு

சட்டம் படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டுரையைச் சமுதாயத்துக்குத் தொண்டு செய்வதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அபிராமபுரம் ஹரீஷும் அப்படித்தான் ஆரம்பித்திருந்தான். எந்தச் சமுதாயம், இதுவரை என்ன தொண்டு செய்திருக்கிறாய் என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்த்தான். நானும் விடவில்லை. சரி, யாரோடாவது சண்டை போட்டிருக்கிறாயா என்று மாற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

அவர்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடக் கூடாது என்று சங்கச் செக்ரட்டரி போர்டு மாட்டிவிட்டார். ஹரீஷ் சங்கத்தின் விதிமுறைகளை வாங்கி ஆதியோடந்தமாகப் படித்திருக்கிறான். அப்படி ஒரு தடை போட வேண்டுமானால் குடியிருப்பவர்கள் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும், செக்ரட்டரி தனியாகப் போட முடியாது என்று கண்டுபிடித்து, எல்லோருக்கும் நடுவில் எழுந்து வாசித்துக் காட்டியிருக்கிறான். போர்டு இறங்கிவிட்டது. பேட்டும் பந்தும் திரும்பி வந்தன. இதை விட்டுவிட்டு ஏனடா சமுதாயத் தொண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்றேன்.

"இதையெல்லாம் எழுதலாமா மிஸ்? அன்னிக்கு அந்தச் செக்ரட்டரி மாமா மொகத்தை நீங்க பாத்திருக்கணும், அதுக்காகவே லா படிக்கலாம்னு ஆத்துக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன்."

நீயே எழுதிட்டு வா

பரிந்துரைக் கடிதம் நம் ஊரில் எப்படித் தயாராகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியாரிடம் போய்க் கேட்டால், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார். பையன் போய்த் தன்னைத்தானே வானளாவப் புகழ்ந்து எழுதிக்கொண்டு வருவான். அவரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். இப்படி வந்த கடிதங்களில் சென்னையில் சராசரி மாணவன் என்று ஒருத்தன்கூட இல்லை.

ஒருத்தன் இருந்தான். சிந்தாதிரிப்பேட்டை பிரகாஷ். அவன் அப்பாவுக்கு அங்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம். இயற்பியல் வாத்தியார் பெயரில் பிரகாஷ் எழுதிக் கையெழுத்து வாங்கி வந்திருந்த கடிதத்தைப் படித்ததும் எனக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிக்கத் தோன்றியது. இவன் என் பாடத்தில் சுமார், வகுப்பில் பேசிக்கொண்டே இருப்பான், மணி அடித்த பிறகும் சந்தேகம் கேட்டு என்னை வீட்டுக்குப் போக விடமாட்டான் என்று இருந்தது. உன் தலையில் நீயே ஏன் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாய் என்றேன். மணி அடித்த பிறகும் சந்தேகம் கேட்கிற பையனை எந்தச் சட்டக் கல்லூரியும் வேண்டாம் என்று சொல்லாது என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அவன் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

"நம்ம பேர்ல இன்னா வோணா எழுதிக்கலாம் மிஸ், அது நம்ம பிரச்சின. சார் பேர்ல எப்டி மிஸ் பொய் எழுதறது, அவரு மேல எனக்கு மரியாத கீது."

பால்கனி

ஷெரினுக்கு மாதிரி நேர்காணல் வைக்க வேண்டும். அம்மாவைப் பால்கனியில் உட்கார வைத்துவிட்டு, கையில் மாதிரிக் கேள்விப் புத்தகத்தைக் கொடுத்தேன். தெருவில் கிடந்த பையை ஒருவன் எடுத்துவிட்டான், அடுத்து அவன் என்ன செய்ய வேண்டும் என்று ஷெரினிடம் கேட்டேன். "போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணும்னு சொல்லு ஷெரின்!" என்று பால்கனியிலிருந்து பதில் வந்தது. அடுத்த கேள்விக்கும் வந்தது. கடைசியில் எனக்கு ஒரு கட்டு கீரை வேண்டும், தெற்கு மாட வீதி வரைக்கும் போய் வாருங்களேன் என்று அம்மாவைக் கீழே அனுப்பினேன். போகும்போது புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கீரைக் கடையில் எதற்கு அது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீடு அமைதியானது. ஷெரின் முன்னால் ஒரு டம்ளர் காபியை வைத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு கேட்காமலேயே பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் தடுமாற்றம் இல்லை. கோர்ட் உண்மையில் அவள் சொன்ன மாதிரி நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும், சொல்ல மனசு வரவில்லை.

"கோர்ட்லதான் மிஸ், ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் சும்மா இருக்கணும். அதான் எனக்கு அங்க போகணும்."

வாய்தா

விண்ணப்பத்தில் ஏதாவது அனுபவம் காட்ட வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் வக்கீல் ஆபீஸ்களில் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம். அடையாறு நந்தினி சைதாப்பேட்டையில் ஒரு வக்கீலிடம் அப்படி இருந்தாள். கோர்ட்டுக்கு அவருடைய வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடப் போனதும், கேன்டீனில் அவருக்கு இடம் பிடித்ததும்தான் வேலை. ஆனால் கட்டுரையில் "சட்டத்தின் நுணுக்கங்களைக் கற்றேன்" என்று எழுதியிருந்தாள். எந்த நுணுக்கம், ஒன்றைச் சொல் என்றேன்.

சிரித்துவிட்டாள். அப்புறம் உண்மையைச் சொன்னாள். வழக்காடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார்கள், சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கிறார்கள், உள்ளே போன வேகத்தில் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். முதல் வாரம் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது. அப்புறம் ஏன் என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, சாட்சிக்குக் காய்ச்சல், ஒரு காகிதம் குறைகிறது என்று தினமும் காரணத்தைக் கேட்டு வைத்திருக்கிறாள். கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்? நுணுக்கத்தை அடித்துவிட்டு இதை எழுதச் சொன்னேன்.

"ஒரு மாசத்துல நான் கத்துக்கிட்ட ஒரே சட்ட வார்த்தை வாய்தா மிஸ், ஆனா அது யாருக்கு லாபம்னு இன்னும் கண்டுபிடிக்கல, அதுக்குத்தான் படிக்கப் போறேன்."

காலண்டர் தாள்

ஷெரினுக்கு நேர்காணல் வீட்டிலிருந்தே, லேப்டாப் வழியாக. அந்த நேரத்தில் நீங்கள் மாதா கோயிலுக்குப் போய்விட வேண்டும் என்று பிலோமினாவிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். நேர்காணல் முடிந்து இரண்டு நாள் கழித்து அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். நடந்ததை அம்மா சொன்னார், இடையிடையே ஷெரின் திருத்தினாள். அவள் திருத்துவதே எனக்குப் புதுசாக இருந்தது.

அம்மா கோயிலுக்குப் போகவில்லை. லேப்டாப்புக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார், பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பதில்களைப் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் ஒரு பேராசிரியை. நடைபாதைக் கடையை எடுத்துவிட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஷெரின் யோசிப்பதற்குள் "நடப்பவர் உரிமை" என்று தாள் எழும்பியது. ஷெரினின் கண் அங்கே போனது. யார் அங்கே என்றார் பேராசிரியை. பிலோமினா தாளும் கையுமாக எழுந்து நின்று குட் ஈவினிங் மேடம் என்றிருக்கிறார். சீட்டு போச்சு, பி.காம்.தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன் மிஸ் என்றாள் ஷெரின்.

பேராசிரியை இணைப்பைத் துண்டிக்கவில்லை. அம்மா சொல்வது சரியா ஷெரின் என்று கேட்டிருக்கிறார். "இல்லை மேடம்" என்று ஆரம்பித்தாள் ஷெரின். எங்கள் அம்மா தி.நகர் நடைபாதையில் நிற்பதே அந்தக் கடைகளில் பேரம் பேசத்தான். என் ரிப்பனிலிருந்து திரைச்சீலை வரைக்கும் அங்கே வாங்கியதுதான். வாங்கும்போது கடை வேண்டும், நடக்கும்போது கடை வேண்டாம் என்றால் எப்படி? நடக்கவும் வழி விட்டு, கடைக்கும் இடம் குறித்துக் கொடுக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு என்பதை இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவும் ஆங்கிலத்தில். அம்மா மட்டும் பொறுக்க மாட்டாமல் தமிழில், "அது வேற மேடம், இது வேற!" என்று நடுவில் புகுந்திருக்கிறார். பேராசிரியை கையை உயர்த்தித் தமிழிலேயே சொன்னாராம்.

"அவ பேசி முடிக்கட்டும்மா."

ஒரு சந்தேகம்

சீட்டு கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கேக்கோடு வந்தார்கள். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஷெரின் தனக்குக் காபி வேண்டும் என்றாள், சர்க்கரை குறைத்து. பிலோமினா அவளை ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை வருஷம் எனக்கே தெரியல மிஸ்" என்றார். அன்றைக்கு லேப்டாப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் பெண் பேசுவதைக் கடைசி வரைக்கும் கேட்டது அதுதான் முதல் தடவை என்றும், வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது என்றும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. ஷெரின் எழுந்து போய் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கிளம்பும்போது பிலோமினா கைப்பையிலிருந்து என் மாதிரிக் கேள்விப் புத்தகத்தை எடுத்தார். திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அட்டையைத் தடவிக்கொண்டே வாசலில் நின்றார். வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத அந்த அம்மாள் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் திணறி அன்றுதான் பார்த்தேன். ஷெரினுக்கு வாய் துடித்தது, ஆனாலும் குறுக்கிடாமல், அம்மா பேசி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஒரு சந்தேகம் மிஸ்... டிகிரி முடிச்சவங்களுக்கு மூணு வருஷ லா கோர்ஸ் ஒண்ணு இருக்காமே, அதுக்கு வயசு ஏதாவது பாப்பாங்களா?"

இப்போதெல்லாம் மேஜைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால், நீ ஏன் வக்கீலாக வேண்டும் என்ற என் பழைய கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களில் யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.